நூற்றுப் பன்னிரண்டு சிவப்புத் தையல்

சின்னச் சின்னதாய் மிச்சம் பிடித்தால் பெரிய கடனும் தீர்ந்துவிடும் என்று யாராவது சிரித்த முகத்தோடு சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அது பொய் என்று நான் சொல்லவில்லை. மிச்சம் பிடித்த காசு போய்ச் சேருகிற இடத்தைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசுவதில்லையே, அதுதான் எரிச்சல். ஊக்கு அக்காவின் கதையைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரு பெரிய துணிக்கடையின் நான்காவது மாடியில், ஜன்னல் இல்லாத பின்பக்க அறையில் வேலை செய்கிறோம். கீழே விற்கிற உடைகளை வாங்குகிறவர்களின் அளவுக்கு நீளம் குறைப்பதும் இடுப்பு பிடிப்பதும் அங்கேதான். அக்கா தைப்பாள், நான் அயர்ன் செய்வேன். அவளுடைய வேலைக் கோட்டின் மார்பில் எந்நேரமும் இருபது முப்பது ஊக்கு வரிசையாகக் குத்தியிருக்கும். அதனால் ஊக்கு. சம்பளப் பட்டியலைப் பார்த்தால்தான் மேனேஜருக்கே அவளுடைய சொந்தப் பெயர் ஞாபகம் வரும்.

கடன் வந்த விதத்தில் அவள் மேல் விரல் நீட்ட யாராலும் முடியாது. அவள் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். யாருடைய வீட்டுக்கோ ஒரு ஃப்ரிட்ஜை மூன்று மாடி தூக்கி ஏற்றியபோது முதுகுத்தண்டு பிசகி, ஆபரேஷன் வரைக்கும் போய்விட்டது. வேன் முதலாளி ஒரு கூடைப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார். அடுத்த வாரமே வேறு டிரைவர் வைத்துக்கொண்டார். அக்கா ஒன்றரை அறை வீட்டின் பத்திரத்தைக் கொண்டுபோய், எங்கள் கடைக்கு எதிர்ச்சாரியில் இருக்கிற கடன் கம்பெனியில் வைத்து மூன்று லட்சம் வாங்கினாள். ஐந்து வருடம், அறுபது தவணை. மாமா இப்போது ஒரு பார்சல் ஆபீசில் உட்கார்ந்த இடத்தில் சீட்டு எழுதுகிறார், முன்பு வாங்கியதில் பாதிச் சம்பளத்துக்கு.

அன்றிலிருந்து அக்கா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்ந்தாள். பஸ் கட்டணம் கூடுகிற நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கி மீதியை நடந்து வருவாள். காய்கறியைக் கடை மூடுகிற நேரத்தில்தான் வாங்குவாள். பற்பசைக் குழாயைக் கத்தரியால் நீளவாக்கில் வெட்டிப் பிரித்து இன்னும் நாலு நாள் ஓட்டுவாள். குளியலறை பல்பைக் கழற்றிவிட்டாள். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் சமையலறை வெளிச்சம் போதுமாம். கீழே பில் போடுகிற பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் அவளைச் சீண்டுவார்கள்.

“அக்கா, டீயக் குடிப்பீங்களா, இல்ல மோந்து பாத்துட்டு நாளைக்குன்னு எடுத்து வச்சுடுவீங்களா?”

“நீ வாங்கிக் குடு, ரெண்டுல எதுன்னு காட்டுறேன்” என்பாள் அக்கா. அவர்கள் சிரிப்பார்கள். யாரும் வாங்கிக் கொடுத்ததில்லை.

இவ்வளவு இறுக்கிப் பிடித்ததற்குக் காரணம் அவளுடைய வலது கண். புரை விழுந்திருந்தது. இந்த வருடத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செலவு கிட்டத்தட்ட ஒரு தவணைப் பணம். கடன் முடிந்த மாதம்தான் அந்தப் பணம் கையில் நிற்கும் என்பதால், கடன் முதலில், கண் பிறகு என்று அக்கா முடிவு செய்திருந்தாள். கறுப்புப் பேன்ட்டில் கறுப்பு நூலை அவள் விரலால் தடவித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தையல் கோணினால் உடை திரும்பி வரும், கூலியில் பிடிப்பார்கள். மூன்று திரும்பி வந்தால் வேலையை விட்டு நிறுத்துவார்கள். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு திரும்பி வந்திருந்தன.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் கடை நிர்வாகம் எங்களை எல்லாம் கீழே கூப்பிட்டது. சம்பளம் கூட்டிக் கேட்டிருந்தோம், அதற்குப் பதில் சொல்லப் போகிறார்கள் என்று ஓடினோம். பார்த்தால், சேமிப்பது எப்படி என்று சொல்லித்தர ஒரு ஆலோசகர் வந்து நின்றார். எங்கள் சம்பளத்தைக் கூட்ட வழியில்லாதவர்களுக்கு அவருக்குக் கொடுக்க மட்டும் காசு இருந்தது!

“தினமும் வெளிய குடிக்கற ஒரு காப்பிய நிறுத்துங்க. வருஷக் கடைசியில எவ்வளவு மிச்சம்னு பாருங்க, அசந்து போயிடுவீங்க” என்றார்.

அக்கா எழுந்தாள். “நாங்க வெளிய காப்பி குடிச்சதே இல்ல சார். எதை நிறுத்தறது?”

உருப்படியாக அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். தவணைக்கு மேல் ஒரு சின்னத் தொகையை அடிக்கடி அசலில் கட்டி வந்தால் வட்டி குறையும், கடன் சீக்கிரம் முடியும். அக்கா அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரச் சனிக்கிழமையே நானூறை எடுத்துக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனாள். கவுன்ட்டர் பையன், “அசலுக்குத்தானேக்கா?” என்று கேட்டான். “ஆமாப்பா, அசலுக்குத்தான்” என்றாள். அவன் கம்ப்யூட்டரில் தட்டினான், ரசீது வந்தது. அறைக்கு வந்ததும் கோட்டைக் கழற்றி, உள்பக்க மடிப்பில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டாள்.

“இது என்னக்கா?”

“என் கணக்கு. நோட்டு வாங்கினா அதுக்கு வேற காசு.”

மழையோ காய்ச்சலோ, ஒரு சனிக்கிழமை தவறவில்லை. சிவப்புத் தையல் மடிப்பைச் சுற்றி ஓடி இரண்டாவது வரிசைக்கு வந்தது. வட்டிக் கணக்கை மாமா பார்சல் சீட்டுகளுக்குப் பின்னால் போட்டுப் பார்த்துச் சொல்லியிருந்தார். நூற்றுப் பன்னிரண்டாவது தையலோடு கடன் முடியும், எட்டு மாதம் முன்கூட்டியே, ஐந்தாறாயிரம் மிச்சமும் திரும்பி வரும். அதை நம்பி அக்கா ஆஸ்பத்திரியில் தேதியும் வாங்கிவிட்டாள். தேதிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அந்த மாதத் தவணைப் பணத்தையும் நூற்றுப் பன்னிரண்டாவது நானூறையும் எடுத்துக்கொண்டு, மதியம் என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அன்று கவுன்ட்டரில் அந்தப் பையன் இல்லை. வேலையை விட்டுப் போய்விட்டானாம். அவன் நாற்காலியில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு அதிகாரி இருந்தார். பணத்தை எண்ணி வாங்கினார், தட்டினார், திரையைப் பார்த்தார்.

“இன்னும் எட்டுத் தவணை இருக்கே.”

“நல்லாப் பாருங்க சார். வாராவாரம் அசல்ல கட்டியிருக்கேன்.”

“கட்டியிருக்கீங்க. ஆனா அது அசல்ல போகல. முன்வைப்புன்னு தனியா நிக்குது.”

“அப்படின்னா?”

“சும்மா இருக்கும்மா. வேணும்னா இப்ப கடைசித் தவணைகளுக்கு எடுத்துக்கலாம். அது போக இன்னும் ஒரு பதினாலாயிரத்துச் சொச்சம் நீங்க கட்டணும்.”

சும்மா இருக்கிறதாம்! இரண்டு வருடத்துக்கு மேலாக அவள் நடந்த நடை, இருட்டில் குளித்த குளியல், எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சும்மா உட்கார்ந்திருந்தது. அவளுடைய பணத்தை அவர்கள் கையில் வைத்துக்கொண்டே, அதே அசலுக்கு அவளிடம் முழு வட்டி வாங்கியிருக்கிறார்கள். அது மட்டுமா? நாற்பத்து நாலாயிரத்து எண்ணூறு கட்டியவளுக்குத் திரையில் இருந்தது முப்பத்தொன்பதாயிரத்து இருநூறு. ஒவ்வொரு முறையும் சேவைக் கட்டணம் என்று ஐம்பது கழித்திருந்தார்கள். நானூறைக் கையில் வாங்கிப் பெட்டியில் போடுகிற சேவைக்கு ஐம்பது.

“ரசீதுல அடியில போட்டிருக்குமே. படிக்கலையா?” என்றார் அதிகாரி.

எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிற அந்த எழுத்தைப் படிக்கிற கண்ணைத்தான் அவள் கடனுக்குப் பிறகு என்று தள்ளி வைத்திருந்தாள். எனக்கு அந்த ஆளின் கழுத்து அட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும்போல் இருந்தது.

அக்கா மெதுவாகக் கேட்டாள். “அசலுக்குன்னு சொல்லித்தான் குடுத்தேன். அந்தத் தம்பியும் அசல்னுதான் ரசீது போட்டான். நீங்க எப்படி மாத்தி வச்சீங்க?”

“அப்படிப் போட்டிருந்தா ரசீதக் காட்டுங்க. திருத்திடலாம்.”

அக்கா கோட்டின் உள்மடிப்பைத் திருப்பிச் சிவப்புத் தையலைக் காட்டினாள். அவர் சிரித்தேவிட்டார். “இது ரசீது இல்லம்மா. கோட்டு.”

ரசீது எங்கே என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதைச் சொல்லத்தான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

முன்பெல்லாம் உடைக்கு அளவு எழுதிக் குத்தக் கடையே சின்னச் சீட்டுக் கட்டு தரும். செலவைக் குறைக்கிறோம் என்று அதை நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் அறையில் எதன் முதுகு காலியாக இருந்தாலும் அதில்தான் அளவு எழுதினோம். பஸ் டிக்கெட், பழைய பில், காலண்டர் தாள். அக்கா ஒரு துண்டுக் காகிதத்தையும் வீணாக்காதவள். கடன் ரசீதின் பின்பக்கத்திலும் பென்சிலால் எழுதி ஊக்கால் பேன்ட்டில் குத்திவிடுவாள். வேலை முடிந்ததும் சீட்டைச் சுவர்க் கம்பியில் கோர்த்து வைப்போம். அளவு தப்பு என்று யாராவது சண்டைக்கு வந்தால் காட்ட வேண்டும் என்பதால் எங்கள் அறையில் ஒரு சீட்டையும் எறிவதில்லை. ஆக, ரசீது எதுவும் தொலையவில்லை. எல்லாம் எங்கள் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் கம்பிகளை இறக்கித் தேடினோம். முதல் ரசீது கிடைத்ததும் அக்கா என்னிடம் நீட்டினாள். “படி.”

பின்பக்கம் பென்சில் எழுத்து பளிச்சென்று இருந்தது. இடுப்பு முப்பத்து நாலு, நீளம் நாற்பது. முன்பக்கம் கரியாய் இருந்தது. அடுத்ததும் கரி. அதற்கடுத்ததும்.

அது சூடு பட்டால் கருத்துப்போகிற காகிதம். சீட்டைக் கழற்றிவிட்டு அயர்ன் செய்வதுதான் முறை. ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடி குத்தினால் மணிக்கு நாற்பது உடை என்கிற கணக்கு எட்டாது, மேனேஜர் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பார். அதனால் சீட்டோடு சேர்த்து அயர்ன் பெட்டியை இழுத்துவிடுவேன். என் கையால் நானே ஒவ்வொரு ரசீதாகச் சுட்டிருக்கிறேன். என் சூட்டுக்குத் தப்பியதில் பழையது எல்லாம் தானாகவே வெளுத்துப்போயிருந்தது. ஒரு வருடம்கூடத் தாங்காத காகிதத்தில், ஐந்து வருடக் கடனுக்கு ரசீது அடித்துத் தருகிறார்கள் பாவிகள்!

அயர்ன் படாத உடைகளின் சீட்டு மட்டும் தப்பியிருந்தது. மழைக் கோட்டு நாலு, தோல் ஜாக்கெட் இரண்டு. ஆறிலும் “அசல்” என்று தெளிவாக இருந்தது. நான் அழுதுவிட்டேன்.

“எதுக்கு அழுவுற? நீயா அம்பது அம்பதாப் பிடிச்ச?” என்றாள் அக்கா. “ஆறு இருக்குல்ல. வா.”

திங்கட்கிழமை ஆறையும் பார்த்த அதிகாரி, “சரி, இந்த ஆறுக்குத் திருத்திடறோம்” என்றார்.

“மீதி நூத்தி ஆறு?”

“ரசீது இருந்தாத்தானேம்மா?”

“தேதி உங்க பெட்டியில இருக்கு. தொகை இருக்கு. ஆறுல அசல்னு போட்ட தம்பி, மத்ததுல மட்டும் வேற எழுதுவானா?”

“ரூல்ஸ் அப்படி. மேல எழுதிக் குடுங்க, பாக்கலாம்.”

எழுதிக் கொடுத்தாள். எப்போது பதில் வரும் என்று கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றார்கள். ஆஸ்பத்திரித் தேதிக்கு இருபது நாள்கூட இல்லை. வேறு ஆளாக இருந்தால் அந்த இடத்திலேயே கத்தித் தீர்த்திருப்பாள். நான் கத்தினேன். அக்கா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தாள்.

அடுத்த நாள் மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவையும் மூன்று பாவாடையையும் எடுத்துக்கொண்டு நேரே அந்தக் கம்பெனிக்குப் போய், வருகிறவர்கள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தாள். கையால் தைக்க வேண்டிய ஓர வேலை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாசல் காவலாளி வந்தார்.

“என்ன வேணும்?”

“பதில் வேணும். வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன். கடன்காரி உக்காரத்தானே நாற்காலி போட்டிருக்கீங்க?”

காவலாளி அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார், அதிகாரி திரையைப் பார்த்தார். அக்கா அவர்கள் ஏசியில் உட்கார்ந்து, அவர்கள் விளக்கில் தைத்து, அவர்கள் குடிதண்ணீரைப் பாட்டிலில் நிரப்பிக்கொண்டு இரண்டு மணிக்குக் கிளம்பினாள். “நம்ம ரூம விட இங்க வெளிச்சம் நல்லா இருக்குடி” என்றாள் என்னிடம். மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும் போனாள்.

சும்மாவும் உட்காரவில்லை. பணம் கட்ட வருகிறவர்கள் பக்கத்து நாற்காலியில்தான் காத்திருப்பார்கள். தையலிலிருந்து தலை நிமிராமலே பேச்சுக் கொடுப்பாள்.

“தம்பி, தவணைக்கு மேல ஏதாவது கட்டுறீங்களா?”

“ஆமாக்கா, அப்பப்ப.”

“அது அசல்ல போகுதா, முன்வைப்புல போகுதான்னு திரையக் காட்டச் சொல்லிப் பாருங்க. ரசீதப் போட்டோ எடுத்து வச்சுக்குங்க, எழுத்து பறந்துடும். அம்பது பிடிக்கிறாங்களான்னும் பாருங்க.”

குரலை உயர்த்தவும் இல்லை, திட்டவும் இல்லை. பாவாடையைத் தைத்தபடி, நேரம் என்ன என்று சொல்வதுபோல் சொல்வாள். நாலாம் நாள் ஒரு பெயின்டர் திரையைக் காட்டச் சொன்னார். ஆறாம் நாள் மூன்று பேர். எட்டாம் நாள் ஒரு டாக்ஸி டிரைவர் கவுன்ட்டரில் கையால் ஓங்கி அடித்து, “என் பணம் பதினெட்டு மாசமாச் சும்மாக் கெடக்குதா?” என்று கத்தினார். வரிசை முழுக்க எழுந்து நின்றது. அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

ஒன்பதாம் நாள் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணாடி அறை, கிளை மேனேஜர், டீகூட வந்தது. ரூல்ஸ் எங்கே போனதோ தெரியவில்லை, கம்ப்யூட்டரில் பத்தே நிமிடத்தில் எல்லாம் திருந்திவிட்டது. ஒவ்வொரு வாரத் தொகையும் கட்டிய தேதியில் அசலில் கழிக்கப்பட்டது. எத்தனை தடவை கட்டியிருக்கிறாள் என்று மேனேஜர் எண்ணிப் பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டு. ஒரு தையல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடன் முடிந்திருந்தது.

“அந்த அம்பது அம்பது?” என்று கேட்டாள் அக்கா.

“கட்டணத்தத் திருப்பித் தர எங்களுக்கு வழியே இல்லம்மா.”

ஐயாயிரத்து அறுநூறு. மிச்சம் வரும் என்று மாமா சொன்ன பணத்தை அப்படியே விழுங்கி ஏப்பம் விட்டார்கள்.

மேனேஜர் மேஜையில் இரண்டு காகிதம் வைத்தார். ஒன்று பிளாஸ்டிக் உறையில் வீட்டுப் பத்திரம். இன்னொன்றில் அவள் கையெழுத்துப் போட வேண்டுமாம். அக்கா அதை எடுத்து என்னிடம் கொடுத்தாள். “ஒரு எழுத்து விடாமப் படி.” படித்தேன். கம்பெனி பெருந்தன்மையோடு இந்தச் சலுகையை அளித்திருக்கிறதாம். இதைப் பற்றி இனி அவள் எவரிடமும் எங்கும் பேசவோ எழுதவோ மாட்டாளாம். மீறினால் திருத்திய கணக்கு ரத்தாகுமாம்.

சலுகையாம்! அவள் காசை அவள் கணக்கில் எழுதியது சலுகை. “போடாதீங்கக்கா” என்றேன்.

அக்கா இடது கண்ணைக் கையால் மூடி, வலது கண்ணால் மட்டும் பத்திரத்தைப் பார்த்தாள். எதற்கு அப்படிப் பார்த்தாள் என்று மேனேஜருக்குப் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். நகலைக் கேட்டு வாங்கி மடித்துக்கொண்டாள். ஆறிப்போயிருந்த டீயையும் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

குறித்த தேதியில் ஆபரேஷன் நடந்தது. பத்து நாள் கழித்து வேலைக்கு வந்தாள். கோட்டைப் போட்டுக்கொண்டு, ஊக்குகளை வரிசையாகக் குத்திக்கொண்டு, பையிலிருந்து அந்த நகலை எடுத்தாள். வலது கண்ணுக்கு நேராகப் பிடித்து, விரலை ஓட்டி, கடைசியில் இருந்த பொடி எழுத்து வரைக்கும் தானே படித்தாள். படித்து முடித்து மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

“இதுல என் பேரு நாலு இடத்துல இருக்கு” என்றாள்.

“ஆமாக்கா.”

“உன் பேரு எங்கயாவது இருக்கா?”

“இல்லியே.”

“அப்புறம் என்ன?” என்று சொல்லிவிட்டு, ஊசியில் கறுப்பு நூலை ஒரே முயற்சியில் கோர்த்தாள்.